எல்லிஸ் பீட்டர்ஸ்: கொலைகாரனைக் கேட்ஃபைல் விட்டுவிடுவது நியாயமா? (கதை முடிவுகள் உடைபடும்)

கொல்லிமலைக்காரன்:

எல்லிஸ் பீட்டர்ஸின் கேட்ஃபைல் துறவி துப்பறியும் தொடரில் மூன்றாவதான ‘மங்க்ஸ் ஹுட்’ நாவலை முடித்த கையோடு எழுதுகிறேன், எரிச்சல் இன்னும் ஆறவில்லை. முடிவைச் சொல்லித்தான் சண்டை போட முடியும் என்பதால், படிக்காதவர்கள் இத்தோடு திரும்பிவிடுங்கள்.

1138 டிசம்பர். இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி. போனெல் என்ற நிலக்கிழார் தன் பண்ணையை பெனடிக்டைன் மடத்துக்கு எழுதி வைப்பதாகவும், பதிலுக்கு மடம் ஆயுசுக்கும் வீடும் சாப்பாடும் தர வேண்டும் என்றும் பேசி, மனைவியோடு வந்து குடியேறுகிறார். மடத்தின் துணைத் தலைவர் ராபர்ட் மரியாதைக்குத் தன் பங்கிலிருந்து கவுதாரிக் கறி கொடுத்தனுப்புகிறார். அதைச் சாப்பிட்ட போனெல் வாய் மரத்து, மூச்சுத் திணறிச் சாகிறார். விஷம் எங்கிருந்து வந்தது? மூட்டுவலிக்குத் தேய்க்க நம் கதாநாயகர் கேட்ஃபைல் துறவியே காய்ச்சி வைத்திருந்த எண்ணெய்! பழி விழுவதோ போனெல் மனைவிக்கு முதல் கணவன் மூலம் பிறந்த பையன் மேல். அந்த மனைவி யாரென்று பார்த்தால், கேட்ஃபைல் வாலிபத்தில் திரும்பி வந்து கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு சிலுவைப் போருக்குக் கிளம்பிப் போனாரே, அந்தப் பெண். இதுவரை பிரமாதம், கீழே வைக்க முடியவில்லை.

கடைசியில் கொலைகாரன் அகப்படுகிறான். அவனை ஷெரீஃபிடம் ஒப்படைப்பார் என்று பார்த்தால், சாகாதே, நெடுநாள் உயிரோடு இருந்து நாலு பேருக்கு நல்லது செய், அதுதான் உனக்குத் தண்டனை என்று புத்தி சொல்லி அனுப்பிவிடுகிறார். செத்தவன் கதி? இந்தத் தொடரில் மொத்தம் 20 நாவல் எழுதியிருக்கிறார் அம்மையார். எல்லாவற்றிலும் இதே கதைதானா? அப்படியானால் வாங்கி அடுக்கியிருப்பதைக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

நடுநிசி வாசகி:

கொடுப்பதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள் சார், கூரியர் செலவு என்னுடையது.

கொலைக்கு என்ன காரணம் என்பதை நீங்கள் ஒரு வரி கூடச் சொல்லவில்லை. கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கொலைகாரன் மியூரிக், போனெலுக்கு வேல்ஸ்காரப் பணிப்பெண்ணிடம் பிறந்த மகன். இங்கிலாந்துச் சட்டப்படி தாலி கட்டாதவளுக்குப் பிறந்தவனுக்கு ஒரு பிடி மண் கிடையாது. வேல்ஸ் சட்டத்தில் அப்படியில்லை, தகப்பன் இவன் என் மகன் என்று ஊரறிய ஒத்துக்கொண்டிருந்தால் போதும், அவன் வாரிசு. போனெலின் பண்ணை இருப்பதோ எல்லை தாண்டி வேல்ஸ் மண்ணில். அதாவது அப்பன் வீட்டில் வேலைக்காரன் மாதிரி நிற்கிறவன், சில மைல் மேற்கே நடந்தால் பண்ணைக்குச் சொந்தக்காரன்!

அந்த நேரம் பார்த்து மடத்தலைவர் ஹெரிபர்ட்டை மேலிடத்து விசாரணைக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள். பத்திரத்தில் முத்திரை விழவில்லை. முத்திரை விழுந்துவிட்டால் பண்ணை மடத்துக்கு. அதற்குள் அப்பன் செத்தால் மகனுக்கு. சொத்துத் தகராறை இவ்வளவு சுத்தமாகக் கொலைக்கதையாக்கிய இன்னொரு நாவலை நான் படித்ததில்லை. குட்டு உடைவதும் வேல்ஸ் நீதிமன்றத்தில்தான், வழக்கு நடக்கும்போதே.

இப்போது சொல்லுங்கள், அவனை எந்தச் சட்டத்திடம் ஒப்படைப்பது? கேட்ஃபைலும் வேல்ஸ்காரர், ட்ரெஃப்ரிவ் ஊர். இரண்டு பக்கத்துச் சட்டமும் தெரிந்தவர். இதைப் பாவமன்னிப்பு என்று சுருக்கிவிட்டால் எப்படி?

பெட்டிக்கடை புரொபசர்:

வாசகி மேடம் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும்.

நான் இந்தத் தொடரில் பத்துப் பன்னிரண்டு படித்துவிட்டு நிறுத்தினவன். என் புகார் வேறே. ஒரு காதல் ஜோடி, அதில் பையன் மேல் பொய்ப்பழி, ஒரு மூலிகை, ஒரு மழை, கடைசியில் கல்யாணம். எல்லாப் புத்தகமும் ஒரே மாவு. கதையில் வாட்டசாட்டமான இளைஞன் ஒருத்தன் மேல் சந்தேகம் விழுந்தால், அவன் கொலை செய்யவில்லை என்று 50-ஆம் பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். முதல் நாவல் 1977, கடைசி நாவல் 1994. 81, 83, 84, 86, 89 ஆகிய வருஷங்களில் தலா இரண்டு வந்திருக்கின்றன. இந்த வேகத்தில் எழுதினால் மாவு ஒன்றாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, கேட்ஃபைல் 12-ஆம் நூற்றாண்டு ஆளே இல்லை. தொழுநோயாளியிடம் கருணை, யூதர், முஸ்லிம் யார் மேலும் வெறுப்பில்லை, பெண்களுக்குச் சம மரியாதை. நம் காலத்து நல்ல மனிதர் ஒருவருக்கு அங்கி மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறது.

மருந்தாளுநன்:

இந்த இழையில் நுழைய எனக்கு ஒரு தகுதி உண்டு, பேர்லயே இருக்கு.

எல்லிஸ் பீட்டர்ஸ் என்பது புனைபெயர். நிஜப் பெயர் ஈடித் பார்ஜெட்டர். 1913-ல் ஷ்ராப்ஷர் மாவட்டத்து ஹார்ஸ்ஹே கிராமத்தில் பிறந்து, 1995-ல் அதே மாவட்டத்தில் இறந்தவர். கல்லூரிப் பக்கம் போனதில்லை. 1933 முதல் 1940 வரை டாலி என்ற சின்ன ஊரில் மருந்துக்கடையில் உதவியாளர் வேலை. கேட்ஃபைலின் குடிசையில் தொங்குகிற செடிக்கட்டும், அடுப்பில் கொதிக்கிற குழம்பும், அலமாரி நிறைய ஜாடியும் நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்து வந்ததில்லை என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ரெண்டு பக்கத்தில் தெரிந்துவிடும்.

‘மங்க்ஸ் ஹுட்’ விஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது அகோனைட். சித்த மருந்தில் வச்சநாபி என்கிறோமே, அந்தக் குடும்பத்துச் செடி. அந்தக் காலத்து பிரிட்டிஷ் மருந்துக்கடைகளில் ஏ.பி.சி. லினிமென்ட் என்று ஒரு தேய்ப்பு மருந்து பிரபலம். அகோனைட், பெல்லடோனா, குளோரோஃபார்ம் மூன்றும் சேர்ந்தது. மூட்டுவலி, முதுகுவலி என்று வருகிறவர்களுக்கு அதைக் கொடுத்து, புட்டியில் விஷம் என்று சீட்டு ஒட்டி, வெளிப்பூச்சுக்கு மட்டும், வாயில் வைக்காதீங்க என்று சொல்லி அனுப்ப வேண்டும். ஏழு வருஷம் கவுண்டரில் நின்ற பெண்ணுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தோலில் தேய்த்தால் வலி மரக்கும், அதே சரக்கு உள்ளே போனால் நெஞ்சு நிற்கும். நாவலின் மொத்த முடிச்சும் அந்தச் சீட்டில் இருக்கிறது என்பேன்.

அறிகுறிகளும் கச்சிதம். முதலில் உதட்டிலும் நாக்கிலும் ஊசி குத்துகிற மாதிரி, பிறகு மரப்பு, தொண்டை இறுகுதல், கை கால் சில்லிடுதல், கடைசியில் இதயத் துடிப்பு தாறுமாறு. புத்தி மட்டும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், அதுதான் கொடுமை. துப்பறியும் நாவல்களில் விஷம் குடித்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாலு வசனம் பேசிவிட்டுச் சாய்வான். இந்தம்மா அந்த வேலையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் வச்சநாபியைச் சுத்தி செய்யாமல் கையால் கூடத் தொட விடமாட்டார்கள். அந்தப் பயம் தெரிந்தவர் எழுதிய புத்தகம் இது. 1980-ல் இதற்கு பிரிட்டிஷ் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தின் சில்வர் டேகர் விருது கிடைத்தது சும்மா இல்லை.

புரொபசர் சார், மாவு ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் கடை கஷாயமும் தினம் ஒரே மாதிரிதான். அதற்காகத்தான் ஆள் வருகிறார்கள்.

குட்டி டிராகன்:

அண்ணா ஒரு டவுட். மடம், துறவி, கொலை… இது இத்தாலிக்காரர் உம்பர்ட்டோ ஈக்கோவோட ரோஜா நாவலைப் பாத்து எழுதினதுதானே? யூடியூப்ல ஒருத்தர் அப்படித்தான் சொன்னார்.

நடுநிசி வாசகி:

தம்பி, கேட்ஃபைல் வந்தது 1977. ஈக்கோவின் நாவல் 1980. காலண்டரைத் திருப்பிப் பிடித்தால்தான் அந்த யூடியூபர் சொல்வது சரி.

பெட்டிக்கடை புரொபசர்:

அதே நேரம், வரலாற்றுத் துப்பறியும் கதையையே இவர்தான் தொடங்கினார் என்று புத்தக அட்டைகளில் போடுகிறார்களே, அதுவும் ஓவர். அகதா கிறிஸ்டி 1944-லேயே பண்டைய எகிப்தில் ஒரு கொலைக்கதை வைத்துவிட்டார். டச்சு ராஜதந்திரி ராபர்ட் வான் ஹூலிக் சீனாவின் தாங் காலத்து நீதிபதி டீயை வைத்து ஐம்பது அறுபதுகளில் வரிசையாக எழுதினார். பீட்டர்ஸ் செய்தது வேறே. ஒரே ஊர், ஒரே மடம், அதே பதினைந்து இருபது முகங்கள், 1137 முதல் 1145 வரை மாதக்கணக்கில் நகர்கிற ஒரே காலம் என்று வைத்து, வாசகன் அங்கேயே குடித்தனம் செய்யும்படி ஆக்கினார். லிண்ட்ஸே டேவிஸ் தன் துப்பறியும் கதையோடு ரோமாபுரிக்குப் போனது 1989, ஸ்டீவன் சேலர் போனது 1991. அவர்களுக்கெல்லாம் இவர் போட்ட ரோடுதான். இன்று பிரிட்டனில் வரலாற்றுக் குற்றக்கதைக்குக் கொடுக்கிற டேகர் விருதை 1999-ல் தொடங்கியபோது இவர் பெயரில்தான் தொடங்கினார்கள்.

வேகத்தைச் சொன்னேன் என்பதற்காக ஆளைக் குறைத்துச் சொல்லவில்லை. 1936-லிருந்து எழுதுகிறார். செக் மொழியைத் தானே கற்று, ஹ்ராபலின் ரயில் நிலைய நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். இவருடைய இன்னொரு துப்பறியும் தொடரான இன்ஸ்பெக்டர் ஃபெல்ஸ் வரிசையில் ஒரு புத்தகத்துக்கு 1963-லேயே அமெரிக்காவின் எட்கர் விருது. இத்தனைக்கும் பிறகு, அறுபது தாண்டின வயதில்தான் கேட்ஃபைல் பிறக்கிறார்.

வளவன் பேர்மிங்காம்:

நான் இருக்கிறது பேர்மிங்காம். ஷ்ரூஸ்பரி ரயிலில ஒரு மணித்தியாலம்தான். புத்தகத்தைப் படிச்சிட்டுப் போய்ப் பாத்தனான்.

மடம் எண்டு தேடிக்கொண்டு போனா ஏமாந்திடுவியள். தேவாலயம் மட்டும்தான் நிக்குது. மிச்சம் எட்டாவது ஹென்றி காலத்தில மடத்தைக் கலைச்ச பிறகு கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுது. மிஞ்சினதுக்குள்ளால பத்தொன்பதாம் நூற்றாண்டில தோமஸ் டெல்ஃபோர்ட் எண்ட பொறியியலாளர் லண்டன்–ஹோலிஹெட் வீதியை வெட்டிக்கொண்டு போயிட்டார். துறவியள் சாப்பிடேக்க ஒராள் நிண்டு வாசிக்கிற கல்லு மேடை ஒண்டு இருக்கு. சாப்பாட்டு மண்டபம் இல்லை, சுவர் இல்லை, மேடை மட்டும் ரோட்டுக்கு மற்றப் பக்கம் தனிய நிக்குது. பஸ்ஸும் லொறியும் அதுக்குப் பக்கத்தால போகுது. கேட்ஃபைலின்ர மூலிகைத் தோட்டம் எங்க இருந்திருக்கும் எண்டு நான் ஒரு கார்ப் பார்க்கில நிண்டு யோசிச்சன்.

ஊரை செவர்ன் ஆறு வளைச்சு ஓடுது. ஒரு பக்கப் பாலத்துக்குப் பேர் இங்கிலிஷ் பாலம், மற்றப் பக்கம் வெல்ஷ் பாலம். வாசகி அக்கா சொன்ன ரெண்டு சட்டக் கதை அங்க போனா உடன விளங்கும். மடம் இங்கிலிஷ் பாலத்துக்கு அங்கால. உள்ளுக்க வினிஃப்ரெட் புனிதையின்ர பேழையில மிஞ்சின கல்லுத் துண்டு ஒண்டு வச்சிருக்கினம். இந்த எழுத்தாளரின்ர நினைவா பெனடிக்ட் புனிதரின்ர கண்ணாடி யன்னலும் இருக்கு. தன்ர ஊருக்கு இப்பிடி ஒரு வேலை செய்து வச்சவவுக்கு அது தகும்.

பிறையர் (துணைத் தலைவர்) ராபர்ட் வெறும் கதாபாத்திரம் எண்டு நினைக்காதேங்கோ, உண்மையான ஆள். வேல்ஸ் க்விதரின் கிராமத்திலயிருந்து அந்தப் புனிதையின்ர எலும்பை மடத்துக்குக் கொண்டுவந்தவரும், அவவின்ர சரித்திரத்தை எழுதி வச்சவரும் அவர்தான். பிறகு மடத்தலைவராயும் வந்தவர். பாவம், இப்ப உலகம் முழுக்க அவரைத் தலைக்கனம் பிடிச்ச ஆளாத்தான் தெரியும்.

கொல்லிமலைக்காரன்:

சட்ட விஷயம் புரிகிறது வாசகி மேடம். ஆனாலும் விடமாட்டேன். முதல் நாவலையும் இந்த வாரம் படித்துவிட்டேன். அங்கேயும் இதேதான்! ஒரு சாவை அப்படியே மூடி மறைத்து, புனிதையின் பெட்டிக்குள் இருப்பது யார் என்பதையே மாற்றிவிடுகிறார் கேட்ஃபைல். மடமே மண்டியிட்டுக் கும்பிடுகிறது, இவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு நிற்கிறார். ரொம்ப ரசித்தேன், அது வேறு விஷயம். ஆனால் இந்த ஆள் சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்வதை வழக்கமாகவே வைத்திருக்கிறார். இதையே போலீஸ்காரன் செய்தால் ஒத்துக்கொள்வோமா?

நடுநிசி வாசகி:

இரண்டாவதைப் படிக்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள். ‘ஒன் கார்ப்ஸ் டூ மெனி’. என்னைக் கேட்டால் தொடரின் அச்சாணி அதுதான்.

1138 கோடை. ஸ்டீபன் மன்னனுக்கும் மாட் பேரரசிக்கும் அரியணைச் சண்டை. ஷ்ரூஸ்பரிக் கோட்டை மாட் பக்கம். ஸ்டீபன் முற்றுகையிட்டுப் பிடிக்கிறான். பிடித்ததும் உள்ளே இருந்தவர்களை வரிசையாகத் தூக்கில் போடச் சொல்கிறான். இது கற்பனை இல்லை, அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஓர்டெரிக் விட்டாலிஸே எழுதி வைத்திருக்கிறார். நாவலில் தூக்கிலிடப்பட்டவர்கள் 94 பேர். உடல்களைக் கழுவி, கண்ணை மூடி, அடக்கத்துக்குத் தயார் செய்யக் கேட்ஃபைல் போகிறார். ஒவ்வொருவராக எண்ணுகிறார். 95 வருகிறது. மறுபடி எண்ணுகிறார். 95-தான். அந்த ஒருவன் கழுத்தில் இருப்பது தூக்குக் கயிற்றின் தடம் இல்லை, பின்னாலிருந்து மெல்லிய கயிறு போட்டு இறுக்கிய தடம். கொலையை மறைக்க இதைவிட நல்ல இடம் உண்டா?

அங்கே இருக்கிற எல்லோரும் கேட்கிற கேள்வி, 94 போன இடத்தில் ஒன்று கூடினால் என்ன என்பதுதான். கேட்ஃபைல் மட்டும் விடமாட்டேன் என்கிறார். ஏனென்றால் அந்த 94 பேரும் மன்னன் ஆணையில் செத்தார்கள், அது சரியோ தப்போ யார் செய்தது என்று தெரியும். இவனைக் கொன்றது யார் என்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டும் என்று அழுவதற்கும் ஆளில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதே வருஷம் ஆகஸ்டில் அந்த 94 உடல்களைக் கழுவிய கை, டிசம்பரில் இன்னொருவனைப் பிடித்துத் தூக்குமேடைக்கு அனுப்பத் தயங்குகிறது. கருணை என்று பொதுவாகச் சொல்கிறோம், அதைவிடக் கெட்டியான காரணம் இது. தூக்குப் போடுகிற அரசாங்கம் எப்படிப்பட்டது என்று அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். எழுதியவரும் உலகப் போரில் லிவர்பூலில் கடற்படை மகளிர் பிரிவில் டெலிபிரிண்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர். அட்லாண்டிக் கப்பல்களைக் காத்த தளம் அது. 1944-ல் பதக்கமும் வாங்கினார். சாவை எண்ணிக்கையாகப் படிப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம், எல்லாரையும் விட்டுவிடுகிறார் என்பதும் சரியில்லை. இந்த இரண்டாவதிலேயே கொலைகாரன் தப்புவதில்லை. பிறகு கேட்ஃபைலின் நெருங்கிய நண்பனாகிற ஹ்யூ பெரிங்கார் அவனை நேருக்கு நேர் வாள் சண்டைக்கு இழுக்கிறான், ஊரே நின்று பார்க்கிறது.

பெட்டிக்கடை புரொபசர்:

94, 95 கணக்கு எனக்கும் பிடித்தது. அதை மறுக்கமாட்டேன். என் மாவுப் புகார் மாவுப் புகாராகவே இருக்கட்டும்.

நவீன ஆசாமி என்று நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

மருந்தாளுநன்:

நான் சொல்றேன் சார். அவர் பிறந்ததிலிருந்து மடத்தில் வளர்ந்தவர் கிடையாது. பதினேழு பதினெட்டு வயசில் சிலுவைப் போருக்குப் போய், சிரியா, அந்தியோக்கியா, ஜெருசலேம், பிறகு கடலோரக் காவல் கப்பல் என்று சுற்றி, நாற்பது தாண்டித்தான் அங்கி போடுகிறார். எதிரி வைத்தியர்களிடம் பாடம் கேட்டவர், கசகசா விதையைக் கிழக்கிலிருந்து கொண்டுவந்து தோட்டத்தில் போட்டவர். ஊர் சுற்றின மனுஷன் அந்தக் காலத்திலும் கொஞ்சம் அகலமாகத்தான் யோசித்திருப்பான். ஆனால் ஒன்று, பெண்கள் விஷயத்தில் எப்போதும் இவ்வளவு பண்பாக இருக்கிறாரே, அங்கே உங்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கு.

நாஞ்சில் தோணி:

எல்லாரும் ஷ்ரூஸ்பரியையே பிடிச்சுக்கிட்டு நிக்கீங்க. இந்தம்மா நம்ம கன்னியாகுமரியிலயும் கதை வச்சிருக்காங்க, தெரியுமா? ‘டெத் டு தி லேண்ட்லார்ட்ஸ்’, 1972. கேட்ஃபைல் இல்ல, இன்ஸ்பெக்டர் ஃபெல்ஸோட மகன் டொமினிக் தென்னிந்தியா சுத்த வாறான். தேக்கடி ஏரியில ஒரு பெரிய பண்ணையார் போன படகு வெடிச்சுச் சிதறுது. நக்சல்பாரி முடிஞ்சு கொஞ்ச வருஷம் ஆன சமயம், தலைப்பே அந்தக் கோஷந்தான். அப்புறம் நாகர்கோவில், குமரின்னு கதை இறங்கி வருது.

நான் நாகர்கோவில்காரன், அதனால பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சேன். சுற்றுலா வந்தவங்க பார்வைதான், இல்லன்னு சொல்லல. கூலிக்காரன் பக்கத்துல உக்காந்து எழுதின கதை இல்ல. ஆனா நம்மள வேடிக்கைப் பொருளாக்காம, ஆளுக்கு ஆள் மதிச்சு எழுதியிருக்காங்க. அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க துப்பறியும் கதையில அதுவே அபூர்வம். கேட்ஃபைல் அளவுக்கு நிக்காது. சொந்த ஊர் மண்ணு மாதிரி வராதுல்லா.

குட்டி டிராகன்:

டிவி சீரியல் பாத்தா போதாதா? டெரிக் ஜேகபி நடிச்சது?

வளவன் பேர்மிங்காம்:

ஜேகபி அருமை, மறுக்கேலாது. 1994 தொடக்கம் 98 வரை 13 கதைதான் எடுத்தவை, அதுவும் ஷ்ரூஸ்பரியில இல்லை, ஹங்கேரியில. ஹ்யூ பெரிங்காருக்கு மூண்டு நடிகர் மாறினவை. கேட்ஃபைலுக்கும் ஹ்யூவுக்கும் இருக்கிற சிநேகிதம்தான் புத்தகத்தின்ர முதுகெலும்பு. அதில முகம் மாறிக்கொண்டிருந்தா என்ன செய்யிறது?

குட்டி டிராகன்:

சரி, படிக்கவே படிக்கிறேன். எதுல ஆரம்பிக்க? 20-ம் வாங்கக் காசில்ல.

நடுநிசி வாசகி:

இரண்டாவதில் ஆரம்பி, பிறகு மூன்றாவது. மூன்றாவதின் முடிவை இந்த இழையிலேயே உடைத்துவிட்டோம், பரவாயில்லை, கவுதாரிக் கறிக்காகப் படி. பிடித்தால் முதலாவதுக்குத் திரும்பு. ஐந்தாவது தொழுநோயாளி கதை, அதையும் விடாதே. நடுவில் பத்துக்கு மேல் சிலது புரொபசர் சொல்கிற மாவுதான், கிடைத்தால் படிக்கலாம், தேடி அலைய வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை. ஆறாவது ‘தி வர்ஜின் இன் தி ஐஸ்’ படிக்காமல் கடைசிப் புத்தகத்தைத் தொடாதே. ஆறாவதில் கேட்ஃபைலுக்கு ஒரு விஷயம் தெரியவருகிறது, அவருக்கே தெரியாத ஓர் உறவு. அதற்காகத்தான் இருபதாவதில் மடத்தலைவர் கொடுத்த அனுமதியின் எல்லையைத் தாண்டி, திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று தெரியாமலே கிளம்பிப் போகிறார். அது தெரியாமல் படித்தால், வயசான துறவி ஏன் இப்படி அலைகிறார் என்றுதான் தோன்றும்.

கொல்லிமலைக்காரன்:

ஆறாவது என்னிடம் இருக்கிறது. குட்டி டிராகன், சென்னையில் இருந்தால் தனிமடல் போடு, நான் முடித்ததும் தருகிறேன். மேடம், அந்த உறவு யார் என்று மட்டும் இங்கே யாரும் எழுதிவிடாதீர்கள்.